தொட்டுக்கிடுங்க

முருகேஸ்வரி லேபிள் ஒட்டிய தீப்பெட்டியை எந்த ஊரில் யார் தொட்டாலும் அது அவள் விரலில் தெரியும். சாத்தூரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பசையில் ஊறி ஊறி ரேகையெல்லாம் லேபிளோடு போய்விட்டது, ரேஷன் கடை மிஷினே அவள் விரலை ஏற்பதில்லை, பிறகு தெரியாமல் என்ன செய்யும் என்றார்கள். "லோடு எங்கன போயிருக்கு தாயி?" என்று கம்பெனியில் கேட்பார்கள். "தொடுற கையெல்லாம் சில்லுன்னு இருக்கு. ஊட்டி ஏறிருச்சு" என்பாள். சரியாகத்தான் இருக்கும்.

ஊரெல்லாம் தொட்டது, கட்டிய புருஷன் கருப்பணன் மட்டும் தொடவில்லை. லாரி டிரைவர். வலது கட்டைவிரலில் நகம் கிடையாது. முன்பெல்லாம் சாயங்காலமானால் வாசலில் உட்கார்ந்து, அந்த மொட்டை விரலால் பெட்டியை ரெண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் பீடி பற்றவைப்பார். அடடா, என்ன நாட்கள் அவை! குச்சிக்கு மருந்து முக்குகிற இடத்துக்கே ஒருநாள் பீடியோடு வந்து நின்றார். முருகேஸ்வரி எல்லார் முன்னாலும் அவர் கையைத் தன் தலையில் வைத்து, இனித் தீப்பெட்டியைத் தொடுவதில்லை என்று சத்தியம் வாங்கினாள். மனுஷன் ரோஷக்காரர். மறுநாள் அஸ்ஸாமுக்கு லோடு ஏற்றிப் போனார். லாரி வேறு டிரைவரோடு திரும்பி வந்தது.

வருஷங்கள் ஓடின. கொழுந்தன் சோலைச்சாமி, காரியம் பண்ணிவிடலாம் என்றார். "பொறுங்க, என்னைக்காவது ஒரு பெட்டியத் தொடுவாக" என்றாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. சத்தியத்தைக் காப்பாற்றுகிற ஆள், உயிரோடு இருந்தாலும் எப்படித் தொடுவார்? பாவி மகள், தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறாள். அன்று முழுக்க அழுதாள்.

பிறகு லேபிள் அச்சடிக்கும் முகம்மது இஸ்மாயிலிடம் போனாள். "பாய், நகமில்லாத கட்டைவிரல் ஒண்ணு போடுங்க. கீழ 'தொட்டுக்கிடுங்க'ன்னு எழுதுங்க."

"ஏத்தா, இது தீப்பெட்டியா, ஊறுகாயா?" என்று சிரித்தார். ஆனாலும் போட்டார். நகம் போட மறந்துவிட்டீர்களே என்று வியாபாரிகள் கேட்டார்கள். ஆர்டர் குறையவில்லை.

தை முடிந்து ஒரு மத்தியானம், சோற்றில் கை வைத்தவள் அப்படியே இருந்தாள். மொட்டை விரல். ரெண்டு தட்டு. பற்றவைக்கவில்லை. "இருக்காக" என்று சோலைச்சாமியிடம் சொன்னாள். அடுத்த வாரம் அதே விரல், அதே பெட்டி, ரயில் ஜன்னல் கம்பியின் சூட்டோடு. அதற்கும் பிறகு கரிசல் புழுதியோடு.

"விருதுநகர் தாண்டிட்டாக" என்றாள்.

பக்கத்தில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிரக்கூட இல்லை. "அப்பம் போயி உலைய வையி" என்றார்கள்.

"சோறு கெடக்கு. தொட்டுக்கிட என்ன வைக்க?" என்று கேட்டுக்கொண்டே பசைக் கையைக் கழுவப் போனாள்.