மூன்றாவது அலசல்

முப்பத்தாறு வயதில் கல்லூரிக்குப் போனால் என்ன ஆகும்? கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் "அக்கா" என்று கூப்பிடும். பெற்ற மகளோ, "ஹோம்வொர்க் முடிச்சியாம்மா?" என்று மிரட்டும். அக்காவுக்கு இரண்டுமே பிடித்திருந்தது. இரத்த வங்கியில் பயிற்சி தொடங்கியதிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டு மாதம் லேபிள் ஒட்டினாள், பை அடுக்கினாள். இன்றுதான் முதன்முதலாக ஒரு கிராஸ் மேட்ச், அதாவது பையிலுள்ள ரத்தம் நோயாளிக்குச் சேருமா என்று பார்க்கும் சோதனை, அவள் கைக்கு வந்தது.

பிரசவ வார்டிலிருந்து வந்த ரத்த மாதிரி. இரண்டாவது பிரசவம், ரத்தப்போக்கு நிற்கவில்லை, சீக்கிரம் ரத்தம் ஏற்றியாக வேண்டும். அந்தப் பெண்ணின் புருஷன் ஜன்னலுக்கு வெளியே நின்று உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பெண்ணின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தையும் பையிலிருந்து எடுத்த சிவப்பணுக்களையும் ஒரு குழாயில் சேர்த்துச் சூட்டில் வைத்தாள். சலைன் விட்டு மூன்று முறை அலசி, சேராத அணுக்களைக் கட்டவைக்கும் கூம்ஸ் துளி விட்டு இயந்திரத்தில் சுற்றினாள். குழாயை மெல்ல ஆட்டும்போது அணுக்கள் கட்டிக்கொண்டால் பை ஆகாது, கலைந்தால் ஆகும். கலைந்தது! என்ன அழகாகக் கலைந்தது! அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஜன்னலுக்கு ஓடினாள்.

"சேர்ந்துடுச்சுங்க! பை ரெடி!"

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். உடனே மாமியாருக்குப் போன் போட்டான்.

உண்மையில் இன்னொரு வேலை பாக்கி இருந்தது. கலைந்த குழாயில் செக் செல் என்கிற சோதனை அணுக்களை ஒரு சொட்டு விட வேண்டும். கூம்ஸ் துளி வேலை செய்திருந்தால் இவை கட்டிக்கொண்டே ஆக வேண்டும். ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு அப்புறம் இதைச் செய்கிற ஆளை என்னவென்று சொல்வது! அக்கா விட்டாள், சுற்றினாள், ஆட்டினாள். கட்டவில்லை.

மூன்றாவது அலசலை அவசரத்தில் அரைகுறையாகச் செய்திருந்தாள். மிஞ்சிய சீரம் கூம்ஸ் துளியை வீணாக்கிவிட்டது. சோதனையே செல்லாது. அவளுக்கு மேற்பார்வை பார்க்கும் டெக்னீஷியன் பேனாவுடன் வந்தாள்.

"செக் செல் கட்டுச்சா? கையெழுத்துப் போடட்டுமா?"

ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். குழாயைக் கழுவிப் போட்டால் ஒருத்தருக்கும் தெரியாது.

"வேண்டாம் மேடம். கட்டலை. நான் சரியா அலசலை."

டெக்னீஷியன் கடிகாரத்தைப் பார்த்தாள். "வார்டுக்கு நான் சொல்லிக்கிறேன். இன்னும் மூணு பை எடு, நாலையும் தனித்தனிக் குழாயில ஒரே நேரத்துல போட்டுப் பாரு. வெளிய நிக்கிறவர்கிட்ட நீயே சொல்லு."

சொன்னாள். அவன் வெடித்தான்.

"இப்பதானே ரெடின்னீங்க? உள்ள ஒரு உயிர் ஊசலாடுது, உங்களுக்கு விளையாட்டா இருக்கா?"

"தப்பு என்னோடதுதாங்க. மறுபடி பண்றேன்."

இந்த முறை மூன்று அலசலும் முழுசாக நடந்தன. முதல் குழாயை எடுத்து ஆட்டினாள். சரியாகக் கரைக்காத மாவு போலச் சிவப்பாய்க் கட்டி கட்டியாக நின்றது. அதே பை!

"மேடம், கட்டியிருக்கு! வந்து பாருங்க மேடம்!"

கத்தியேவிட்டாள். பயமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தால் குரல் அப்படித்தான் வரும். டெக்னீஷியன் குழாயை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"மொத பிரசவத்துல உண்டான ஆன்டிபாடியா இருக்கும், இந்த ரத்தத்தை உடைச்சுடும். இது மட்டும் ஏறியிருந்தா..." என்றவள் அந்தப் பையைத் தனியே ஒதுக்கி வைத்தாள்.

இரண்டாவது குழாயும் கட்டியது. மூன்றாவது கலைந்தது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு செக் செல் விட்டாள். கெட்டியாகக் கட்டிக்கொண்டது. அவளுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. கையெழுத்தான பிறகுதான் ஜன்னலுக்குப் போனாள்.

"மொதல்ல சொன்ன பை அவங்களுக்கு ஆகாதுங்க. நான் முந்திக்கிட்டுச் சொல்லிட்டேன். இதான் சேர்ற பை."

அவன் பையை வாங்க நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"வேணும்னா இன்னொரு தடவை பாத்துடுங்கம்மா. நான் நிக்கிறேன்."

"பாத்தாச்சு," என்றாள் அக்கா. "ஓடுங்க!"

அவன் ஓடினான்.