வடக்கு வாயிலில் ரிஜோ

ரிஜோவின் பங்கு இந்தத் தடவை திரும்பி வரவில்லை.

ஸ்டெனி அதைக் கவனித்தது ஒரு மத்தியானம். செல்போன் கடையில் ஆள் இல்லை. உடைந்த டிஸ்பிளே ஒன்றைக் கழற்றிப் போட்டுவிட்டு, சும்மா போனில் டார்மோருக்குள் நுழைந்து அஞ்சல்பெட்டியைத் திறந்தான். காலி.

டார்மோர் செத்துக்கொண்டிருந்த விளையாட்டு. ஒரு காலத்தில் அதன் கோட்டைத் தெருவில் நிற்க இடம் கிடைக்காது. வாளும் கேடயமுமாக ஊர் உலகத்து ஆட்கள் முட்டிமோதுவார்கள். பிறகு கம்பெனிக்காரன் விற்க ஆரம்பித்தான். மாசக்கணக்கில் வேட்டையாடிச் சம்பாதித்த வாளைவிட நல்ல வாளைக் காசுக்கு விற்றான். சிறகு விற்றான், குதிரை விற்றான், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டியை விற்றான். பை நிறைந்துவிட்டால் அதைப் பெரிதாக்கவும் காசு கேட்டான். திட்டி எழுதியவர்களின் எழுத்தை அழித்தான். ஜனங்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். தெரு மட்டும் மிஞ்சியது.

ஸ்டெனியின் கூட்டத்தில் இருந்தது அவனும், ஓமனில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் அபினும். மூன்றாவது ஆள் அபினின் அண்ணன் ரிஜோ. அவனைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று இருவரும் பேசிக்கொண்டதில்லை. ரிஜோ போன விசைப்படகு முந்தின வருஷம் ஆழ்கடலிலிருந்து திரும்பவில்லை. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை.

படகில் ஒருத்தன் காய்ச்சலில் சுருண்டு கிடந்தாலும் அவனுக்குப் பங்கு உண்டு. இவர்கள் விளையாட்டிலும் அப்படித்தான் பிரித்தார்கள். ரிஜோ காணாமல் போன பிறகும், வேட்டையில் கிடைத்ததில் அவன் பங்கை அவன் பெயருக்கே அனுப்பினார்கள். எடுக்க ஆளில்லாமல் மாசக் கடைசியில் அது திரும்பி வரும். மறுபடி அனுப்புவார்கள். எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால் இருவருமே எரிந்து விழுந்திருப்பார்கள்.

இப்போது யாரோ எடுத்திருக்கிறார்கள்.

ஸ்டெனி நண்பர்கள் பட்டியலைத் திறந்தான். ரிஜோவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

அண்ணன் வந்துவிட்டாரோ என்று ஒரு நொடி தோன்றியது. ஆனாலும் அவன் முட்டாள் இல்லை. கம்பெனியின் அறிவிப்புகளைத் தேடிப் படித்தான். 'நீங்கள் இல்லாதபோதும் நீங்கள்' என்று ஒரு புதுத் திட்டம். விளையாட வராதவர்களின் உருவங்கள் இனித் தாமாகவே நடக்கும், வேட்டையாடும், பேசும். அவரவர் பழைய பேச்சையும் பழைய நடையையும் வைத்துத் தயாரித்தது. அறிமுகக் காலத்தில் இலவசம். வெறிச்சோடிய தெருவில் கூட்டம் காட்டவேண்டும், அதற்குப் போனவர்களையே எழுப்பி விட்டிருக்கிறான்.

விஷயம் புரிந்த பிறகும் ஸ்டெனி எழுதினான்: “அண்ணே.”

“என்ன மக்கா, சோறு தின்னியா?” என்று பதில் வந்தது.

ஸ்டெனி போனைக் கவிழ்த்து வைத்தான்.

அபினிடம் சொன்னது தப்பு. அவன் வாயில் எதுவும் தங்காது. ஓமனிலிருந்து அன்றைக்கே அண்ணிக்குப் போன் போட்டுவிட்டான்.

ரிஜோவின் மனைவி ரெஜிஷா இத்தனை நாளும் அடக்கப் பூசைக்குச் சம்மதிக்கவில்லை. உடல் கிடைக்காத ஆளுக்கு வீட்டார் சொன்னால்தான் ஃபாதர் பூசை வைப்பார். காலிப் பெட்டியில் அவனுடைய வேட்டி சட்டையை வைத்து மண்ணுக்குள் இறக்குவார்கள். அதன் பிறகு அவள் விதவை. போன வாரம்தான் சரி என்று சொல்லியிருந்தாள். சனிக்கிழமை பூசை. அது முடிந்ததும் நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்வதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைக்கு வந்தாள். உட்காரவில்லை.

“காட்டு.”

“மைனி, அது அண்ணன் இல்ல. கம்பெனிக்காரன் ஓட்டுத பொம்ம.”

“பொம்மைக்கு எதுக்கு பங்கு?”

“அது கண்டதையும் எடுக்கும். எறும்பு சீனிய எடுக்கும்லா, அது மாதிரி.”

“எறும்பு ‘சோறு தின்னியா’ன்னு கேக்குமா?” ரெஜிஷா கவுண்டரில் கையை ஊன்றினாள். “கடல்ல புடிச்சு ஏதாவது நாட்டுல கொண்டு அடைச்சு வச்சிருப்பானுவ. போன் மட்டும் கெடச்சிருக்கும். இப்பிடிப் போயி எத்தன பேரு பொறவு திரும்பி வந்திருக்காவ! நாளைக்குப் பூசை. உசிரோட இருக்க ஆளுக்கு நான் பெட்டி இறக்க மாட்டேன். எனக்கு இப்பத் தெரியணும்.”

ஸ்டெனிக்கு ஒரு வழி தோன்றியது. மீன் கிடக்கும் இடத்தைப் படகுக்காரன் வயர்லெஸ்ஸில் உள்ளபடி சொல்லமாட்டான். எல்லாப் படகும் கேட்டுக்கொண்டிருக்கும். வடக்கு என்று சொன்னால் அவன் தெற்கே கிடக்கிறான் என்பது சொந்த ஊர்க்காரனுக்கு மட்டும் தெரியும். ரிஜோ டார்மோரிலும் அதையே செய்வான். நல்ல வேட்டை கிடைத்தால் பொதுவில் எதிர்த்திசையைச் சொல்லுவான். வெளியாட்கள் அந்தப் பக்கம் ஓடி ஏமாந்து கெட்டவார்த்தை எழுதுவார்கள்.

“எங்க நிக்கியன்னு கேப்போம் மைனி. பொம்மன்னா சொன்ன எடத்துல நிக்கும். அண்ணன் நிக்க மாட்டாரு.”

“கேளு.”

எல்லாரும் பார்க்கும் பொதுப் பேச்சில் கேட்டான்.

“வடக்கு வாயில்” என்று வந்தது.

ஸ்டெனி தன் உருவத்தை வடக்கு வாயிலுக்கு நடத்தினான். கோட்டைத் தெருவில் நல்ல கூட்டம். அவனுக்குத் தெரிந்த பெயர்கள், என்றைக்கோ சண்டை போட்டுக் கிளம்பிப் போன பெயர்கள், எல்லாம் தலைக்கு மேலே மிதந்தன. யாரும் யார் மேலும் மோதவில்லை. தண்ணீர் விலகுவதுபோல அவனுக்கு வழி விட்டார்கள். வடக்கு வாயிலில் ஆள் இல்லை. கல்லும் புல்லும்தான்.

“இனி தெக்கப் போ” என்றாள் ரெஜிஷா.

தெற்கு வாயிலில் ரிஜோ நின்றான். பழைய பச்சைக் கவசம். பக்கவாட்டில் கொஞ்சம் சாய்ந்து நிற்கும் அதே நிற்பு.

ஸ்டெனிக்கு உடனே விளங்கியது. பொம்மை அண்ணனின் பேச்சை மட்டும் படிக்கவில்லை, எதைச் சொல்லிவிட்டு எங்கே நின்றான் என்பதையும் படித்திருக்கிறது, அவ்வளவுதான். அதைச் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் ரெஜிஷா கையை நீட்டினாள். சொன்னாலும் அவனே நம்பியிருப்பானா என்பது வேறு விஷயம்.

ரெஜிஷா போனைப் பிடுங்கினாள். ஸ்டெனி காட்டிய தனிப்பேச்சில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

“நான் ரெஜிஷா. எங்க இருக்கிய?”

திரையில் இரண்டு உருவங்களும் தெற்கு வாயிலில் நேருக்கு நேராக நின்றன. பதில் வந்தது.

“வடக்கு வாயில்.”

அவள் அதை ரொம்ப நேரம் பார்த்தாள். முகத்தில் இருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போயிற்று. போனைக் கவுண்டரில் வைத்தாள்.

“இது அவிய இல்ல.”

“மைனி...”

“வயர்லெஸ்ஸுல ஊருக்கெல்லாம் பொய் சொல்லுவாவ. எனக்கு மட்டும் நேராச் சொல்லுவாவ. எங்க கெடக்கோம், என்னைக்கு வருவோம், எல்லாம். எங்கிட்ட ஒரு நாளும் மறைச்சதில்ல, கேட்டியா?”

ஸ்டெனி தலையாட்டினான்.

கரையில் இருக்கும் நாளெல்லாம் ரிஜோ இந்தக் கடையின் உள்ளறையில் கிடந்து டார்மோர்தான் விளையாடினான். அவள் தேடி வரும்போது, துறைமுகத்துக்குப் போயிருக்காரு மைனி என்று இதே கவுண்டரில் நின்று ஸ்டெனி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். நடுவில் இருந்தது ஒரு பிளைவுட் தட்டி மட்டும். அவள் பிடித்துக்கொண்ட காரணம் பொய். ஆனால் வந்து சேர்ந்த இடம் சரி. அதைப் போய்க் கலைக்க அவனுக்கு என்ன கிறுக்கா?

“ஃபாதர்ட்ட மாத்தமில்லன்னு சொல்லிருதேன்” என்றாள். “நாளைக்கு நேரத்தோட வா. பெட்டி தூக்கணும்.”

“காலிப் பெட்டிதான மைனி.”

“காலின்னாலும் நாலு பேரு வேணும்லா.”

குடையை விரித்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள். வளைவு திரும்பும்வரை ஸ்டெனி பார்த்துக்கொண்டே நின்றான். காரியம் நல்லபடி முடிந்தது. இனி அந்தச் சனியனை அழித்துவிட வேண்டியதுதான் என்று போனை எடுத்தான்.

திரையில் ஒரு வரி காத்திருந்தது.

“அவ போயாச்சா மக்கா?”

அந்த நாளில் உள்ளறையிலிருந்து ரிஜோ எழுதுவது அதுதான். சத்தம் போட்டால் அவளுக்குக் கேட்டுவிடும் என்று விளையாட்டுக்குள்ளிருந்தே கவுண்டருக்கு எழுதுவான். ஸ்டெனி திரும்பி பிளைவுட் தட்டியைப் பார்த்தான். உள்ளே பழைய சார்ஜர் பெட்டிகளைத் தவிர ஒன்றும் கிடையாது. அது அவனுக்குத் தெரியும். எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

“போயாச்சு” என்று அவன் விரல் எழுதியது. இத்தனை வருஷம் எழுதின விரல்.

பதில் வந்தது. ஆனால் படிக்க முடியவில்லை. எழுத்து முழுக்க மூடுபனி. கீழே தங்கநிறத்தில் ஒரு பொத்தான்: உங்கள் நண்பரின் இலவசக் காலம் முடிந்துவிட்டது. அவர் சொன்னதைப் படிக்கத் தோழர் சந்தாவில் சேருங்கள்.

“நாய்க்குப் பொறந்த பயலுவ” என்று சத்தமாகவே சொன்னான். இந்த விளையாட்டுக்கு இனி ஒரு பைசா கொடுப்பதில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் அவன்.

பணம் கட்டினான்.

மூடுபனி விலகியது.

“அப்ப ஷட்டரப் போடு.”

வெளியே வெயில் வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்தது. மீன் வண்டி ஒன்று ஹாரன் அடித்தபடி கடையைத் தாண்டிப் போனது. ஸ்டெனி எழுந்து, கம்பியை எடுத்து, உள்ளே நின்றபடியே ஷட்டரைத் தரைவரைக்கும் இழுத்தான்.