எட்டாவது பட்டன்

2025 ஜூலை 29, செவ்வாய்க்கிழமை. வில்லியனூர் ரயில்வே கேட் அருகே, மாடியில் இருக்கும் அரிகரனின் கணினிக் கடையில் காலை பதினொரு மணிக்கு எட்டு வெற்றுப் பட்டன்கள் திரையில் திறக்கப்பட்டன.

அரக்கு நிறம், தங்க ஓரம், நடுவில் எழுத்தில்லை. பக்கத்துக் கிராமத்து அம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்கான இணையப் பக்கத்தில் அவை வரிசைக்கு நாலாக உட்கார வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு தெருவின் பெயர். அழுத்தினால் வெள்ளிக்கிழமை அந்தத் தெருவுக்குத் தேர் வரும் நேரம் தெரியும். கடையில் வேலை பார்க்கும் சுகன்யா இலவசப் பட எடிட்டர் ஒன்றை பிரவுசரில் திறந்து வைத்துக்கொண்டு பெயர்களை ஏற்றிக்கொண்டிருந்தாள். 'பிள்ளையார் கோயில் தெரு' தங்க ஓரத்தைத் தாண்டி வெளியே போனது. எழுத்தின் அளவை இருபத்திரண்டிலிருந்து பதினாறுக்கு இறக்கினாள். ஒன்றைக் குறைத்தால் எல்லாவற்றையும் குறைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று பெரிய தெருவாகவும் இன்னொன்று சின்னத் தெருவாகவும் தெரியும்.

பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் விழாக் குழுத் தலைவர் சிங்காரவேலு உட்கார்ந்திருந்தார். அவர் கொண்டுவந்த தாளில் ஏழு தெருக்கள் இருந்தன. சுகன்யாவும் அதே ஊர்தான். அவளுடைய தெரு தாளில் இல்லை. ரேஷன் கார்டில் கிழக்குத் தெரு என்றும் ஊர் வாயில் காலனி என்றும் இருக்கிற அந்தத் தெருவுக்குத் தேர் ஒருநாளும் வந்ததில்லை. தண்ணீர்த் தொட்டி முனைவரை வரும், திரும்பிவிடும். ரோடு குறுகல் என்பார்கள். தேருக்குப் பின்னால் சீரியல் லைட்டுக்கான ஜெனரேட்டர் வண்டியை ஏழு தெருவுக்கும் தள்ளிக்கொண்டு போவது மட்டும் கிழக்குத் தெரு ஆட்கள். அவளுடைய அண்ணன் பாக்யராஜ் ஆறு வருடமாகத் தள்ளுகிறான்.

"சார், எட்டாவது காலியா இருக்கு."

அவளுடைய அப்பா பலராமன் இவரை ஐயா என்பார். தான் அப்படிக் கூப்பிடுவதில்லை என்று காலேஜ் முடித்தபோதே அவள் முடிவு செய்திருந்தாள்.

"மிச்சம் ஒண்ணுதான? எதுனா எழுதிக்கமா. பாக்க லட்சணமா இருந்தா சரி."

"எங்க தெரு பேர எழுதிடட்டா?"

சிங்காரவேலு சிரித்தார். "நீ பலராமன் பொண்ணுதான? உங்கப்பனுக்கு இவ்ளோ வாயி கெடையாதே. உங்க தெருவுக்குத் தேரே வராது, அத்த அமுக்கினா இன்னாமா வரும்? கொசு மருந்து வண்டியா?"

அரிகரனும் சிரித்தான். சிங்காரவேலுவின் சிரிப்பில் துளி கோபம் கிடையாது. அவளைச் சுட்டது அதுதான்.

"ஏன் சார் வராது?"

"ரோடு குறுகல்மா. தெரியாத மாரி கேக்குற."

"உங்க கரும்பு ட்ராக்டரு ட்ரெய்லரோட வந்து போவுதே சார்."

"ட்ராக்டரும் சாமியும் ஒண்ணாடி?" என்றார் சிங்காரவேலு.

"சுகன்யா, முகப்புன்னு போட்டு முடி," என்றான் அரிகரன் அவசரமாக.

முகப்பு என்று அடித்தாள். அவர் படியிறங்கிப் போனார், அரிகரன் சாப்பிடப் போனான். சுகன்யா தன் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. ஒன்பது வயதில், தேங்காய்த் தட்டோடு தொட்டி முனையில் நின்றது நினைவுக்கு வந்தது. தட்டு மட்டும் கைமாறித் தேர்வரை போய்த் திரும்பியது. சாமிக்கு ரோடு குறுகல், தட்டுக்குக் குறுகல் இல்லை. இத்தனை வருடமாக அதை யாரும் உரக்கச் சொன்னதுகூட இல்லை.

முகப்பை அழித்தாள். கிழக்குத் தெரு என்று அடித்தாள், அதே பதினாறு அளவில். அது திறக்கும் பக்கத்தில் மற்ற ஏழில் இருந்த அதே வரியைப் போட்டாள்: 'தேர் வரும் நேரம்:'. அதற்குப் பின்னால் எதையும் எழுதவில்லை. மூன்று மணிக்கு இணைப்பு ஊர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது.

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழையும்போதே பலராமன் கத்தினார். "உன்ன எவன்டி கேட்டான்? நாளிக்கு வேலைக்கு எவன் வூட்டு வாசல்ல போய் நிப்பன் நானு?"

பாக்யராஜ் தரையில் உட்கார்ந்து போனை அழுத்திக்கொண்டே இருந்தான். "வரல. இன்னும் வரல," என்றான். "யப்பா, நீயும் ஒரு தபா அமுக்கிப் பாரேன். வந்தாலும் வரும்."

பலராமன் போனைப் பிடுங்கினார். காய்ப்பேறிய கட்டைவிரல் இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை பக்கம் திறந்தது. அந்த வரியை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, அதற்குப் பின்னால் இன்னும் ஏதோ இருப்பதுபோல வெறும் வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். போனைத் திருப்பிக் கொடுத்தபோது கத்துவதை நிறுத்தியிருந்தார்.

புதன் காலை கணக்குப்படி அந்தப் பட்டனை நானூற்றுப் பன்னிரண்டு தடவை அழுத்தியிருந்தார்கள். மற்ற எதுவும் அறுபதைத் தாண்டவில்லை.

"எதுனா எழுதுன்னா இத்தயா எழுதுவ?" என்றான் அரிகரன், அவள் கடைக்குள் நுழைந்ததுமே. "அந்தாளு போன்ல பேசுன பேச்சு உனக்குத் தெரியுமா?"

"பொய்யா எதுனா எழுதிக்கீறனாண்ணா?"

"எழுதல. அதான் இப்ப பிரச்சன. அழி அத்த."

"நான் எழுதினத நான் அழிக்க மாட்டன். நீங்களே அழிச்சிக்கோங்க."

"அப்ப நாளிலேர்ந்து வராத."

அவள் பையை எடுத்துக்கொண்டாள். அரிகரனுக்கு எடிட்டர் பழக்கமில்லை. பட்டனையே எடுத்துவிட்டான். இரண்டாவது வரிசையில் கடைசி இடம் காலியாக நின்றது.

வெள்ளிக்கிழமை ஜெனரேட்டர் வண்டியைத் தள்ளக் கிழக்குத் தெருவிலிருந்து ஒருவரும் போகவில்லை. வில்லியனூரிலிருந்து மினி லாரி வரவழைத்து ஜெனரேட்டரை அதில் ஏற்றினார்கள். தேர் ஏழு நாற்பதுக்குத் தண்ணீர்த் தொட்டி முனைக்கு வந்து திரும்பியது. மினி லாரியை அங்கே திருப்ப முடியவில்லை. அது கிழக்குத் தெருவுக்குள் நுழைந்து, பலராமன் வீட்டு வாசல்வரை வந்து, பின்னால் எடுத்துத் திரும்பிப் போனது.