அறுபத்திரண்டு கிலோ பாரம்

1968-ஆம் வருட மழைக்காலம் முடிந்ததிலிருந்து, தும்பா ஏவுதளத்திலிருந்து ராக்கெட் மேலே போகும்போதெல்லாம், பாறசாலைக்குத் தெற்கே பாலையனின் ஓலைக்குடில் தரையிலிருந்து நான்கு விரற்கடை உயர்ந்து, ஏழு நிமிடம் அப்படியே நின்று, பிறகு இறங்கியது. மண்தரை, அடுப்பு, அடுப்பில் கொதிக்கும் உலை எல்லாவற்றோடும்தான் உயர்ந்தது. ஒரு நாளும் கஞ்சி சிந்தியதில்லை. அந்த வருடம் மரச்சீனிக் கிழங்குக்கு நல்ல விலை இருந்ததால் ஊரில் யாருக்கும் இதைப் பற்றிப் பேச நேரமில்லை. காரணமும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பொழியூர் எலியாவின் வலையில் ஒரு நாள் மீனுக்குப் பதிலாக ராக்கெட்டின் உடைந்த குழாய் ஒன்று வந்தது. ஒன்றரை ஆள் நீளம், வெள்ளி நிறம், துரு கிடையாது. இரண்டு கடவப்பெட்டி கிழங்கு கொடுத்து அதை வாங்கிய பாலையன், சிதல் தின்ற முகட்டுத் தடியை எடுத்துவிட்டு அதைக் கூரைக்கு முகடாக வைத்துக் கட்டினான். கூட்டாளி மேலே போவது தெரிந்தால் அந்தக் குழாய்க்கும் ஆசை வந்தது, அவ்வளவுதான். கழற்றிப் போட்டிருக்கலாமே என்று இப்போது யாரும் சொல்லலாம். அன்றைக்கு வேறு தடி வாங்க வழியில்லை, நான்கு விரற்கடையால் யாருக்கும் நஷ்டமும் இல்லை.

1970 பிறந்ததும் கேரளத்தில் புதுச்சட்டம் வந்தது. பிறத்தியார் நிலத்தில் குடில் கட்டிக் குடியிருப்பவனுக்குக் குடிலைச் சுற்றிப் பத்து சென்ட் சொந்தம். மூன்று தலைமுறையாக, நிலத்துக்கு ஜன்மியான கிருஷ்ணன்குட்டியின் விளையில் தென்னைக்குத் தடமெடுத்த குடும்பம் பாலையனுடையது. அவனும் மனைவி சௌதாமினியும் மனு எழுதிக் கொடுத்தார்கள். அதன் பிறகு குடிலைத் தொடக்கூடாது என்றாகிவிட்டது. கூரையில்லாமல் ஒரு பொழுது நின்றாலும், அங்கே குடிலே இருந்ததில்லை என்று ஜன்மியின் ஆட்கள் சாட்சி சொல்வார்கள். அதனால் அந்த வருடங்களில் இப்படிக் குடியிருந்த குடிகிடப்புக்காரர்கள் ஓலை மாற்றுவதைக்கூட ஒரு பக்கம் முடித்த பிறகுதான் மறுபக்கம் பிரித்துச் செய்தார்கள். கடையில் உப்பு வாங்கப் போனாலும் வீட்டில் ஓர் ஆளை இருத்திவிட்டே போனார்கள். முகடு என்பது இரண்டு பக்கத்தையும் தாங்குவது. அதை உருவினால் குடில் இல்லை, குடில் இல்லையென்றால் பத்து சென்ட் இல்லை. குழாய் அங்கேயே இருந்தது.

அந்த வருடக் கடைசியில் பாலையன் கல்ஃபுக்குப் புறப்பட்டான். பாஸ்போர்ட் கிடையாது, பம்பாயிலிருந்து லாஞ்ச் படகில் கள்ளப் பயணம். கடலில் கால் நனைத்ததற்கு மேல் அவனுக்குக் கடலோடு பழக்கமில்லை. திருவனந்தபுரம் ஸ்டேஷனில் எடை மெஷினில் ஏறி நின்று, வந்த அட்டையைக் கடிதத்தோடு வைத்து அனுப்பினான். ஒரு பக்கம் 62 கிலோ. மறுபக்கம் இங்கிலீஷில் அச்சடித்திருந்த பலனை யாரிடமோ கேட்டு, அதன் அடியில் அவனே எழுதியிருந்தான், ‘தூரதேச யாத்திரை நலம் தரும்.’ பிப்ரவரியில் பம்பாயிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. நாளை லாஞ்ச் கிளம்புகிறது, பிள்ளையைப் பார்த்துக்கொள், மழைக்கு முன்னால் ஓலை மாற்று. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

அவன் போன பிறகு வந்த முதல் ராக்கெட்டுக்குக் குடில் முழங்கால் உயரம் எழும்பியது. சௌதாமினி அம்மியையும் ஆட்டுக்கல்லையும் நான்கு மூட்டை மணலையும் உள்ளே வைத்துப் பார்த்தாள். அவையும் சேர்ந்தே எழும்பின. குடிலுக்குக் கல்லின் கனமும் மண்ணின் கனமும் ஒரு பொருட்டில்லை, ஆட்களின் கனம் மட்டுமே அதை அமர்த்தியது. சௌதாமினியோ வத்தல் போல இருப்பாள். மகள் விலாசினிக்கு எட்டு வயது, இரண்டு பேரையும் சேர்த்தாலும் ஒரு ஆள் தேறாது.

கிருஷ்ணன்குட்டி அடியாள் வைத்துக் கொள்ளையடிக்கிற மனிதர் அல்ல. ஏக்கர் ஏக்கராகக் கையைவிட்டுப் போவதைப் பார்த்து வயிறு எரிந்தவர். அவருடைய வக்கீல் ஒரு வழி கண்டுபிடித்தார். நிலத்தில் நிற்கும் குடிலுக்குத்தான் சட்டம், நிலத்துக்கு மேலே நிற்பதற்குச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகவேண்டாமென்று கரையோர ஊர்களில் முன்கூட்டியே சொல்வார்கள். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, 1972 மார்ச் மாதம் ராக்கெட் விடும் அதே தேதியில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் அளக்க வரும்படி கிருஷ்ணன்குட்டி ஏற்பாடு செய்தார். மனு தள்ளுபடியானால் மறுநாளே குடிலைப் பிரிப்பதற்கு ஆட்களுக்கும் சொல்லி வைத்தார்.

சௌதாமினிக்கு எலியாதான் விஷயத்தைச் சொன்னான். மறுநாள் பக்கத்துக் குடில் தங்கபாயை விலாசினியோடு இருத்திவிட்டு, மூன்று பஸ் மாறித் தும்பாவுக்குப் போய், ஏவுதளத்தின் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தாள். மத்தியானத்துக்கு மேல் கண்ணாடி போட்ட இளைஞர் ஒருவர் வந்து என்ன வேண்டுமென்று கேட்டார்.

“ஒங்க ராக்கெட்ட ஒரு நாளு பிந்தி விடணும் சாறே. என் குடிலு பொங்குது.”

அவர் சிரிக்கவில்லை. குழாயின் நீளம், குடிலின் அகலம், உள்ளே இருப்பவர்களின் உடம்பு எல்லாம் கேட்டு ஒரு தாளில் எழுதினார். ராக்கெட் ஆகாயத்தில் சோடியம் ஆவியைக் கக்கிக் காற்றின் போக்கைக் காட்ட வேண்டும், அதற்குத் தரையில் இருட்டும் ஆகாயத்தில் வெயிலும் இருக்கும் சில நிமிடங்கள்தான் தோது, சூரியனைக் கேட்காமல் தன்னால் எதையும் மாற்ற முடியாது என்று பொறுமையாக விளக்கினார். பிறகு தாளில் கீழே கோடு போட்டு, “பிள்ளை வளர்ந்த கனத்தையும் கூட்டியாச்சு. குடில் எழும்பாம நிக்க இன்னும் அறுபத்திரண்டு கிலோ வேணும்மா. ஆளாகத்தான் வேணும்” என்றார்.

சௌதாமினி முந்தி முடிச்சை அவிழ்த்து அந்த எடை அட்டையை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

தங்கபாய் நல்ல தாட்டியமான பெண். “நான் வாறேன், கலங்காத இரி” என்று வாக்குக் கொடுத்திருந்தாள். ஆனால் குறித்த நாளில் நான்கு மணிக்கே அவள் குடிலைச் சுற்றிக் கிருஷ்ணன்குட்டியின் ஆட்கள் மூன்று பேர் கடப்பாரையோடு வந்து நின்றார்கள். அவள் வாசலைவிட்டு இறங்கினால் கூரை இறங்கும். எல்லாக் குடிலிலும் அதே கதை. எலியாவுக்கும் அன்று பொழியூரில் கடல் ஏறி வீட்டுச் சுவரை எடுத்துக்கொண்டிருந்தது. தங்கபாய் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று அழுததை மட்டும் சௌதாமினி கேட்டாள்.

இன்ஸ்பெக்டர் மூன்று மணிக்கே ஊருக்கு வந்துவிட்டார். கிருஷ்ணன்குட்டி வீட்டில் சாப்பாடு, பிரதமன் பாயசம், பிறகு ஒரு தூக்கம், பிறகு சாயா. குடிலுக்கு வந்தபோது மணி ஏழை நெருங்கிவிட்டது. சங்கிலிக்காரன் அளவுச் சங்கிலியை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே வடமேற்கு ஆகாயத்தில் செம்மஞ்சளாக ஒரு கோடு விழுந்து, புரண்டு, மேகமாகப் பரந்தது. குடில் ஒருமுறை நடுங்கிவிட்டு எழும்பியது.

சௌதாமினி மகளை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். தன் உடம்பில் கனம் இல்லையே என்று அன்றைக்கு அவள் பட்ட வேதனையைச் சொல்ல நமக்கு வார்த்தை போதாது. வெளியே கிருஷ்ணன்குட்டியின் குரல் கேட்டது.

“பாருங்க சாறே, நல்லாப் பாருங்க. இது நெலத்திலயா நிக்குது?”

இன்ஸ்பெக்டர் கடமையில் கறாரானவர். குனிந்து பார்த்தார். கண்ணை நம்பாமல் தன் குடையைக் குடிலுக்கும் தரைக்கும் நடுவே நீட்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட்டினார். குடை எங்கும் தட்டவில்லை. நோட்டைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார்.

அப்போதுதான் குடில் இறங்கியது. ஏழு நிமிடம் ஆகவில்லை, இரண்டுகூட ஆகவில்லை. வேலைக்குப் போய்விட்டு வந்த ஆள் பொத்தென்று உட்காருவது போல அது தரையில் உட்கார்ந்தது. குடை அடியில் மாட்டிக்கொண்டது. இன்ஸ்பெக்டர் இழுத்தார், சங்கிலிக்காரன் இழுத்தான், கிருஷ்ணன்குட்டியின் ஆள் இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். கைப்பிடி மட்டும் கையோடு வந்தது.

உள்ளே, மேற்குச் சுவரோரம் பாலையன் படுக்கும் பாய் நடுவில் ஆள் அளவுக்கு அமுங்கியிருந்தது. அதிலிருந்து தண்ணீர் ஊறி மண்தரையில் ஓடி வந்தது. சௌதாமினி விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கடல் உப்பு. அவளுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று.

“வந்தாச்சா” என்று மட்டும் கேட்டாள்.

“அம்மா, பாயி ஏன் நனஞ்சிருக்கு?”

“அப்பா வந்திருக்காருடி மக்கா. மிண்டாத, சத்தம் காட்டாத இரி. அளந்து தீரட்டு.”

அழுதால் வெளியே கேட்கும். கேட்டால் உள்ளே வந்து பார்ப்பார்கள், பார்த்தால் என்னென்னவோ எழுதுவார்கள். அரிக்கன் விளக்கு வெளிச்சத்தில் சங்கிலி கிழக்கே போய், தெற்கே திரும்பி, கிணற்றைச் சுற்றி, பலாமரத்து மூட்டுக்கு வந்து சேரும்வரை அவள் முந்தியை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். அரைமணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நான்கு மூலையிலும் கல் நட்டுவிட்டு, குடில் தரையில் உறுதியாக நிற்கிறது, குடையை எடுக்க முடியவில்லை என்று இன்ஸ்பெக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர்கள் வேலியைத் தாண்டிய பிறகுதான் அவள் வாயிலிருந்து துணியை எடுத்தாள். அந்த அலறல் களியக்காவிளைச் சந்தைவரை கேட்டதாகச் சொல்கிறார்கள்.

மூன்று மாதம் கழித்து, காஞ்சிரங்குளத்துக்காரர் ஒருவர் துபாயிலிருந்து கடிதம் எழுதினார். லாஞ்ச்காரன் கரைக்கு வெகுதூரம் முன்பே எல்லாரையும் இறக்கி நீந்தச் சொன்னான், பாலையன் கரை சேரவில்லை, நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது, விலாசம் தேடிப்பிடிக்க இத்தனை நாளாயிற்று, மன்னிக்கவும். தண்ணீர் வழியாக வரவேண்டிய தூரத்தைப் பார்த்தால் பாலையனும் தாமதித்து வந்ததாகச் சொல்ல முடியாது.

பட்டா பாலையன் பெயரிலேயே வந்தது. பெயர் மாற்ற வேண்டுமானால் மரணச் சான்றிதழ் கொண்டுவரச் சொன்னார்கள். சௌதாமினி அதற்குப் போகவில்லை. அதற்குப் பிறகு தும்பாவிலிருந்து எத்தனையோ ராக்கெட்டுகள் போயின, குடில் ஒரு விரற்கடைகூட அசையவில்லை. குடையின் கம்பிகள் வெகுகாலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, விலாசினி அதில் துணி உலர்த்தினாள். ஒவ்வொரு காலையிலும் சௌதாமினி அந்தப் பாயைப் பிழிந்து வேலியில் போடுவாள், இருட்டுவதற்குள் அது வெள்ளையாக உப்புப் பூத்துவிடும். உப்பை உதறிவிட்டுத் திரும்ப அதே இடத்தில் விரிப்பாள்.

1981-இல் சென்சஸ் எடுக்க வந்தவர் வாசலில் நின்று, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்.

“மூணு பேரு உண்டு.”

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். தாயும் மகளும் இருந்தார்கள். சுவரோரம் பாய் விரித்திருந்தது, அதன் ஓரத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. அவர் செருப்பை நனையாமல் தள்ளி வைத்துவிட்டு, மூன்று என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.