சலவைக்குப் போன சதுரங்கள்

நல்லது செய்யலாம் என்று அவருக்கு எப்போது தோன்றினாலும் வீட்டில் ஏதாவது ஒன்று போய்ச் சேரும். இந்த முறை போய்ச் சேர்ந்தது ஒரு டப்பா நிறைய துணிச் சதுரங்கள்.

அவர் மனைவி தையல்காரி. யாருக்கு எதைத் தைத்தாலும், மிச்சத் துணியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம் வெட்டி பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பாள். மகளுக்குக் குளிரான ஊர் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. அவள் கிளம்புவதற்குள் அத்தனை சதுரங்களையும் சேர்த்து ஓர் ஒட்டுப்போர்வை தைத்துவிட வேண்டும் என்று டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு மனைவி நூல் வாங்கப் போயிருந்தாள். அந்த இடைவெளியில் இவர் டப்பாவுக்குள் மூக்கை நுழைத்தார். லேசான பழைய வாசம். லிஃப்ட் மெக்கானிக் ஆயிற்றே, கை சும்மா இருக்குமா? அப்படியே அள்ளி வாஷிங் மெஷினில் போட்டார். அதுவும் சுடுதண்ணீரில், தன்னைத் தானே பாராட்டிக்கொண்டு.

ஓரம் தைக்காத துண்டுத் துணியைத் துவைத்தால் நூல் பிரியும் என்பது தையல்காரியின் புருஷனுக்காவது தெரிந்திருக்க வேண்டும். மெஷினைத் திறந்தபோது சிலந்திக்கும் ஆட்டுக்கும் பிறந்தது போல உள்ளே ஓர் உருண்டை கிடந்தது. ஒரு துண்டை இழுத்தால் அது தனியாக வரவில்லை. மொத்த சொந்தபந்தமும் சேர்ந்து வந்தது.

மனைவி வந்தாள். பார்த்தாள். "ம்" என்றாள்.

அவ்வளவுதான். காதைப் பொத்தத் தயாராகத் தூக்கிய கையை மனுஷன் மெல்லக் கீழே இறக்கினார்.

"உக்காருங்க," என்று ஒரு சின்னக் கத்தரிக்கோலைக் கையில் கொடுத்தாள். "நூலை வெட்டித் தனித்தனியா பிரிங்க. துணியை வெட்டிடாதீங்க."

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் உருண்டையோடு மல்லுக்கட்டுவதே அவர் பொழுது ஆயிற்று. பிரிந்து வந்தவற்றில் ஒன்றுகூடச் சதுரமாக இல்லை. ஒன்று இலை மாதிரி, ஒன்று கடித்து வைத்த ரொட்டி மாதிரி. இவற்றை வைத்து எப்படித்தான் போர்வை தைப்பாள்? மகளை வெறும் கையோடு அனுப்ப வைத்துவிட்டோமோ என்ற பயம் ஒரு பக்கம். இவள் ஏன் இன்னும் திட்டவில்லை என்ற குடைச்சல் இன்னொரு பக்கம்.

"கோபமா?" என்று மெல்ல ஆழம் பார்த்தார்.

"அந்த நீலத்தை இப்படிக் கொடுங்க."

"இது யாரோடது?"

"கீழ் வீட்டு டாக்டரம்மா. கைக்குட்டை அளவு துணியைக் கொண்டுவந்து முழு கவுன் தைக்கச் சொன்னாங்களே."

"இந்த மஞ்சள்?"

"உங்க மக. ஸ்கூல் நாடகத்துல சூரியனா நின்னா."

"ஞாபகம் இருக்கு. மேடையிலேயே அழுதாளே!"

"அவ நல்லாத்தான் நின்னா. அழுதது நீங்க."

உருண்டையின் நடுவிலிருந்து அவருடைய வேலைச் சட்டையின் துண்டு வெளியே வந்தது. நூல் பிரியவில்லை, சுருங்கவில்லை. நடந்ததற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பது போல விறைப்பாக இருந்தது.

"பாத்தியா தரத்தை!"

"ஆமா. சூடு சொரணை இல்லாத துணி."

இது திட்டா, இல்லையா? ராத்திரி முழுக்க யோசித்தார். மறுநாள் வேலையிடத்தில் 'ஸ்பேனர்' என்று எல்லோரும் கூப்பிடும் கூட்டாளியிடம் கேட்டார்.

"திட்டவே இல்லையா?" ஸ்பேனர் கையிலிருந்ததைக் கீழே வைத்தான். "அப்ப பெருசா ஏதோ வருதுண்ணே. சாப்பாடு போடுறாங்களா?"

"போடுறா. நேத்து முட்டைகூட வச்சா."

"முட்டை வேறயா? போச்சு."

வீட்டுக்கு வந்து மகளைப் பிடித்தார். "அம்மா ஏம்மா திட்டல?"

"அதை அம்மாகிட்டதான் கேக்கணும்."

"கேட்டா நூல் பிரிக்கச் சொல்றா."

"அப்ப பிரிங்கப்பா," என்று பெட்டியில் துணி அடுக்கப் போய்விட்டாள்.

இதற்கிடையில் தையல் மெஷின் பக்கம் விசித்திரமான வேலை ஒன்று நடந்தது. மனைவி ஒரு பழைய படுக்கை விரிப்பை அகலத் துண்டுகளாக வெட்டினாள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கோணல் துண்டை வைத்தாள். அதன்மேல் இன்னொன்றைக் கவிழ்த்துப் போட்டு, ஓரமாகத் தைத்து, திருப்பிவிட்டாள். அதன் பக்கத்தில் அடுத்தது. பிசிறெல்லாம் மடிப்புக்குள் ஒளிந்துகொண்டது. இலையும் கடித்த ரொட்டியும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டன. சூரியனுக்குப் பக்கத்தில் டாக்டரம்மா. டாக்டரம்மாவின் தலைமேல் அந்தச் சொரணை கெட்ட வேலைச் சட்டை. அவர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். போர்வை பிழைத்துவிட்டது; ஒரு பயம் தீர்ந்தது. ஆனால் குடைச்சல் அப்படியே இருந்தது.

மகள் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, கடைசி ஓரம் ஓடிக்கொண்டிருந்தது. போர்வையின் கனம் மெஷினை இழுக்காமல் இருக்க இவர் மறுமுனையைத் தூக்கிப் பிடித்திருந்தார். அதற்குமேல் தாங்கவில்லை.

"ஒரே ஒரு தடவை திட்டிடும்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

மனைவி மெஷினை நிறுத்தினாள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அவரை நேராகப் பார்த்தாள்.

"கோபம் இல்லாமயா இருக்கும்? எத்தனை வருஷமா சேத்தது! ஆனா அன்னைக்கே திட்டியிருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க? 'சாரிம்மா'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு, விட்டது தொல்லைன்னு டிவி முன்னாடி போய் உக்காந்திருப்பீங்க. அத்தனை நூலையும் நான் ஒருத்தியா பிரிச்சிருக்கணும். அதான் திட்டல. இன்னும் ஒரு மூலை பாக்கி இருக்கு, ஒழுங்காப் பிடிங்க. இது முடியட்டும், உக்கார வச்சுத் திட்டுறேன்."