வெள்ளை வீட்டில் சிவப்பு டேப்

வீட்டு அலங்கார டிசைனர் முதல் நாள் வந்தபோது ஒரு படிவத்தைக் கொடுத்தார். நாற்பது கேள்விகள். மலை பிடிக்குமா கடல் பிடிக்குமா, காலையில் கண்விழித்ததும் எந்த நிறம் மனதில் தோன்றும், உங்கள் வீடு ஒரு மனிதராக இருந்தால் எப்படிப்பட்டவராக இருப்பார். வீட்டில் யார் யார் குடியிருக்கிறார்கள், அவர்களுக்குக் கண் தெரியுமா என்று ஒரு கேள்விகூட இல்லை.

ஏற்பாடு அக்காவுடையது. கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள்; அப்பா அம்மாவுக்கு அவள் தரும் பரிசாம் இது. படிவம் நிரப்பும் வேலை என் தலையில் விழுந்தது. வீடு ஒரு மனிதராக இருந்தால்? 'இப்போதுதான் குளித்துவிட்டு வந்தவர்' என்று நக்கலுக்கு எழுதிவைத்தேன். டிசைனர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "அருமையான பதில்" என்றார். என்னை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

மூன்று வாரம் சித்தி வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பினோம். சுவர், தரை, திரைச்சீலை, சோபா, அலமாரி, சுவிட்ச் எல்லாமே வெள்ளை. கைப்பிடி என்ற சாதனத்தை அடியோடு ஒழித்திருந்தார்கள். உள்கதவுகள் எல்லாம் சுவரோடு சுவராகக் கிடந்தன. சரியான இடத்தில் தள்ளினால் திறக்கும். எளிமைப் பாணி என்று பெயராம். நான் டிசைனருக்குச் சுண்ணாம்பு என்று பெயர் வைத்தேன்.

அப்பா முப்பது வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். சர்க்கரை வியாதி அவருடைய இடது கண்ணை முழுசாகவும் வலது கண்ணில் முக்கால்வாசியையும் வாங்கிக்கொண்டுவிட்டது. மிச்சத்தில் தெரிவது ஒரு நிறம் முடிந்து இன்னொரு நிறம் தொடங்கும் இடம் மட்டும்தான். நீலச் சுவர் முடிந்தால் பழுப்புக் கதவு. சாம்பல் தரை முடிந்தால் சமையலறையின் கறுப்புப் படி. அதை வைத்துக்கொண்டே யார் கையையும் பிடிக்காமல் வீட்டுக்குள் ராஜா மாதிரி நடமாடினார். இப்போது வாசலைத் தாண்டி ஓர் அடி வைத்தவர் அப்படியே நின்றார்.

"எங்கடா வீடு?"

கூட வந்திருந்த அக்கா கைதட்டினாள். "பாத்தியாம்மா, அப்பாவே அசந்துட்டார்!"

மூன்றாம் நாள் மதியம் நான் கல்லூரியிலிருந்து வந்தபோது, அப்பா ஹாலில் நின்று இரண்டு உள்ளங்கைகளாலும் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். பாத்ரூம் கதவு அவருக்கு ஒரு முழம் வலப்பக்கம் இருந்தது. அவர் இடப்பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லடா. பெயின்ட் எப்படி அடிச்சிருக்கான்னு பாக்கறேன். நல்லாத்தான் அடிச்சிருக்கான்."

நான் கதவைத் தள்ளிவிட்டேன். அவர் உள்ளே போனார்.

மறுநாள் காலையில் அம்மா வைத்த தண்ணீர் சாயங்காலமும் அப்படியே இருந்தது.

"ஏங்க, குடிக்கலையா?"

"தாகமில்ல."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க. சர்க்கரைக்காரர் தண்ணி குடிக்காம இருக்கலாமா?"

அம்மா டம்ளரைப் பார்த்தாள். பிறகு பாத்ரூம் இருக்கும் சுவரைப் பார்த்தாள். நேராகப் போய்ப் போனை எடுத்து டிசைனரைக் கூப்பிட்டாள்.

"கதவுக்கு ஒரு கைப்பிடி வெச்சுக் குடுங்க. கறுப்பா, தடியா."

"கைப்பிடி வெச்சா சுவரோட மௌனம் கலைஞ்சிடும்மா."

"சுவரு எப்பங்க பேசிச்சு, இப்ப மௌனமாகறதுக்கு?"

அக்காவுக்கும் போன் போட்டாள். "புதுசுல அப்படித்தாம்மா இருக்கும், பழகிடும்" என்று அக்கா அவள் வீட்டிலிருந்து சொன்னாள். அந்த வீட்டில் எல்லாக் கதவுக்கும் கைப்பிடி உண்டு.

"என் பையைக் கொண்டாடா" என்றார் அப்பா.

பழைய வேலைப் பை. அதிலிருந்த சிவப்பு இன்சுலேஷன் டேப்பைத் தடவி எடுத்தார். பாத்ரூம் கதவின் நான்கு ஓரம், சமையலறைப் படி, சுவிட்சுகளைச் சுற்றி ஒரு கட்டம். கை வைக்க வேண்டிய இடங்களை மட்டும் நான் காட்டினேன். ஒட்டியது முழுக்க அவர்.

"கோணலா இருக்கா?"

"இல்லப்பா."

"இருக்காது."

சனிக்கிழமை டிசைனர் தன் இணையப் பக்கத்தில் போடுவதற்குப் படம் எடுக்க வந்தார். கூடவே அக்கா. இருவரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"என்ன இது, வீட்டுக்குக் காயம் பட்ட மாதிரி!" என்றார் டிசைனர்.

"பட்டிருச்சு சார். அதான் கட்டுப் போட்டிருக்கோம்" என்றேன்.

"டேய், வாயை மூடு" என்றாள் அக்கா.

"படத்துக்கு மட்டும் பிரிச்சிடலாம். ஒரு மணி நேரம்தான்" என்றார் அவர்.

அக்கா பாத்ரூம் கதவுக்குப் போய் டேப்பின் மேல்நுனியை நகத்தால் கிளப்பினாள்.

"பிரிச்சுக்கம்மா" என்றார் சோபாவில் இருந்த அப்பா. "கதவு கிடைக்காம நாலு நாள் தண்ணி குடிக்காமலே இருந்து பாத்துட்டேன். ஒரு மணி நேரத்துல என்ன ஆயிடப் போகுது?"

கோபமாகச் சொல்லியிருந்தால் அக்கா பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள். அவர் சாதாரணமாகச் சொன்னார். அக்கா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அக்கா கட்டைவிரலால் டேப்பைத் திரும்ப ஒட்டினாள். மேலிருந்து தரைவரை அழுத்திக்கொண்டே வந்தாள். குனிந்த முகம் நிமிர நேரமாயிற்று.

"எடுக்கறதுன்னா இப்படியே எடுங்க சார்" என்றாள்.

"இது என் பாணியே இல்லையே."

"நீங்க இங்க குடியிருக்கலையே."

அப்பா பக்கத்திலிருந்த டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். எழுந்தார். கேமராவுக்கும் சுவருக்கும் நடுவே நேராக நடந்து, சிவப்புக் கோட்டுக்குள் கைவைத்துத் தள்ளி உள்ளே போனார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

டிசைனர் கேமராவைத் தூக்கியபடியே நின்றிருந்தார்.

"உக்காருங்க தம்பி" என்றாள் அம்மா. "அவர் வர நேரமாகும்."