பித்தளைக் குமிழ்

கெட்டுப்போன பெட்ரோல், பெட்ரோல் மாதிரி நாறாது. பழைய வார்னிஷும் சிக்குப் பிடித்த எண்ணெயும் கலந்தாற்போல மூக்கில் ஏறித் தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். மாடிப்படிக்கு அடியில் நின்ற என் கணவரின் மோட்டார் சைக்கிளிலிருந்து அந்த நாற்றம்தான் வந்துகொண்டிருந்தது. கீழே தரையில் காயாத ஓர் ஈரத் திட்டு. அதன்மேல் செய்தித்தாளைப் போட்டேன். தாளும் ஊறி நாறியது.

பெரியவர், அதாவது என் கணவரின் அண்ணன், மூக்கைப் பொத்திக்கொண்டுதான் மாடியிலிருந்து இறங்குவார்.

"சனிக்கிழமை பழைய இரும்புக்காரனை வரச் சொல்லிட்டேன்மா. ஓடுற வண்டின்னா நிக்கட்டும். இது நாறிக்கிட்டுல்ல நிக்குது."

வீடு அவருடையது. வண்டியும் ஓடவில்லை. 

இரண்டு செத்த வண்டிகளைப் பிரித்து என் கணவர் உண்டாக்கிய வண்டி அது. ஒன்றிலிருந்து எஞ்சின், மற்றதிலிருந்து சட்டம். எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டும் கார்புரேட்டரில், வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருக்கும். அதன் தலை தேய்ந்துபோயிருந்தது. என் தையல் மெஷின் இழுப்பறையின் பித்தளைக் குமிழைப் பிடுங்கி அதன்மேல் பற்றவைத்துவிட்டார்.

"இனிமே ஸ்க்ரூ டிரைவரே வேண்டாம். ரேடியோ மாதிரி கையாலயே திருகிக்கலாம்."

"என் டிராயரை எதை வச்சு இழுக்கிறது?"

"பல்லு எதுக்கு இருக்கு?"

இன்றுவரை அந்த இழுப்பறையை நகத்தால்தான் இழுக்கிறேன்.

அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் அவருடைய நண்பரான மெக்கானிக் வந்து வண்டியை எடுத்துப்போனார். "சும்மா நின்னா துருப்பிடிச்சிடும் தங்கச்சி. அண்ணன் நான் பாத்துக்கறேன்." என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். நானும் வாய் நிறைய அண்ணே என்பேன். சாவு வீட்டில் எங்கள் எல்லோரையும்விட உரக்க அழுதவர் அவர்தான். "இவரு அழறதைப் பாத்தா நாம சும்மா துக்கம் விசாரிக்க வந்தவங்க மாதிரி இருக்கு அண்ணி" என்று நாத்தனார் என் காதில் முணுமுணுத்தாள். அவளுக்குக் கட்டெறும்பு என்று பெயர் வைத்தது என் கணவர்தான். கடித்தால் விடமாட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து மெக்கானிக் வண்டியை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

"கார்புரேட்டர் அவ்வளவுதான் தங்கச்சி. எவ்வளவோ பாத்துட்டேன். எடைக்குப் போட்டுடு. வச்சுப் பாத்துப் பாத்து அழாதே." கண்ணாடியைத் தூக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கட்டெறும்பு வேலை முடிந்து நேராக வந்தாள். வண்டி ஓடினால் அவளே ஓட்டுவதாகப் பேச்சு. அழுக்குப் பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றினோம். சோக்கைப் போட்டு உதைத்தாள். கறுப்புப் புகையாகக் கக்கி, இருமி, அணைந்தது. பிளக்கைக் கழற்றினால் அடுப்புக் கரிபோல் கறுத்து, நனைந்திருந்தது. துடைத்துப் போட்டோம், திரும்பவும் அதே கரி. காற்றுத் திருகைத் தளர்த்தினோம். ஒன்றும் மாறவில்லை. டேங்க் குழாயைத் திறந்தாலே கார்புரேட்டரின் அடிக்குழலிலிருந்து பெட்ரோல் ஒழுகியது.

"எங்கண்ணன் காபி குடிக்கிற மாதிரியே இருக்கு. வாய்க்குள்ள போறது கொஞ்சம், சட்டை மேல மிச்சம்" என்றாள்.

கார்புரேட்டரின் அடியில் ஒரு கிண்ணம் உண்டு. பெட்ரோல் அதில் நிறைந்ததும் உள்ளே இருக்கும் மிதவை மேலெழும்பி வழியை அடைத்துவிடும். கழிவறைத் தொட்டியில் பந்து செய்யும் அதே வேலை. மிதவை மிதக்கவில்லையென்றால் இப்படித்தான் ஒழுகும். கிண்ணத்தைக் கழற்றினோம்.

உள்ளே சளிபோலப் பழுப்பாக ஒரு பிசின். ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சை மாதிரி உப்பு. பிசினில் ஒட்டியபடி ஒரு கரப்பான்பூச்சிக் கால். கட்டெறும்பு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான்தான் விரலால் வழித்தேன். மிதவை கறுப்பு பிளாஸ்டிக். காதருகே ஆட்டினேன், உள்ளே பெட்ரோல் தளும்பியது.

 படியில் உட்கார்ந்துவிட்டேன்.

என் கணவர் போட்டது பித்தளை மிதவை. ஊசிமுனை ஓட்டை எங்கே என்று பார்க்க என் சமையல் பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, அதை முக்கிப் பிடிக்கச் சொன்னார். நான் கரண்டியால் அழுத்தினேன். ஓரிடத்திலிருந்து குமிழி குமிழியாக வந்தது. அங்கே மிளகளவு ஈயப் பொட்டு வைத்து அடைத்தார். பாத்திரத்தில் பெட்ரோல் வாடை போகவேயில்லை என்று அவரோடு சண்டை போட்டவள் நான்.

"இது அவரு போட்டது இல்ல."

"குமிழ் இருக்கே அண்ணி?"

"குமிழ் மட்டும்தான் இருக்கு."

அந்தத் திருகைக் கழற்றி அதே ரகக் கார்புரேட்டர் எதில் வேண்டுமானாலும் போட்டுவிடலாம். திருடுகிறவன் திருடுவான். ஆனால் இந்த மனிதர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். இந்தப் பெண்ணுக்கு எது அடையாளம் தெரியும் என்று யோசித்து, அதை மட்டும் பத்திரமாக எடுத்துக் குப்பையில் மாட்டியிருக்கிறார். அந்த அக்கறையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் பட்டறைக்குப் போனோம். எங்கள் வண்டியின் ரகத்திலேயே அவருடைய வண்டி, வாசலில் பளபளவென்று நின்றது. அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வா தங்கச்சி. வண்டியை எடைக்குப் போட்டுட்டியா?"

"சார், இந்த வண்டியோட கார்புரேட்டரைக் கொஞ்சம் திறந்து காட்டுங்க."

துணி பிடித்த கை நின்றது. "என்னது, சாரா? அண்ணனை யாராவது சார்னு கூப்பிடுவாங்களா?"

"திறங்க சார்."

"இப்பத்தான் ஓட்டிட்டு வந்தேன். சூடா இருக்கும்."

கட்டெறும்பு எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தாள். "ஐஸ் மாதிரி இருக்கு." அவருடைய ஸ்க்ரூ டிரைவரையே எடுத்து, குந்தி உட்கார்ந்து கிண்ணத்தைக் கழற்றினாள். பெட்ரோல் அவர் செருப்பில் கொட்டியது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பித்தளை மிதவை. மிளகளவு ஈயப் பொட்டு.

அவர் கண்ணாடியைத் தூக்கினார். கண்ணீர் தயாராக இருந்தது. "அவனேதான் குடுத்தான் தங்கச்சி. ஆஸ்பத்திரியில. எனக்கப்புறம் நீ வச்சுக்கடான்னு சொன்னான். நீ மனசு கஷ்டப்படுவேன்னுதான் சொல்லல."

"அங்க போனதுலேருந்து எங்கண்ணன் தொண்டையில குழாயோட கிடந்தான்" என்றாள் கட்டெறும்பு. "எந்த வாயால சொன்னான்?"

"ஜாடையில."

 கடைசி நாட்களில் என் கணவரால் செய்ய முடிந்ததெல்லாம் என் உள்ளங்கையில் விரலால் எழுதுவதுதான். தண்ணீர் என்று எழுதுவார். லைட் என்று எழுதுவார். அந்த விரலை இந்த மனிதர் தன் பொய்க்குச் சாட்சியாக இழுத்துவிட்டார்.

பிறகு அவரே கார்புரேட்டரைக் கழற்றினார். சுத்தமான துணியில் சுற்றி, பரிசு கொடுப்பதுபோல் நீட்டினார். "எடுத்துக்க. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன் தங்கச்சி."

வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் அதை மாட்டி, குமிழ்த் திருகையும் அதன் இடத்தில் பொருத்தினோம். கட்டெறும்பு உதைத்தாள். பிடிக்கவில்லை. மறுபடி உதைத்தாள். பிடித்துக்கொண்டது. சோக்கை எடுத்தும் அணையவில்லை. அடிக்குழலில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. வாசலில் தள்ளுவண்டியோடு வந்து நின்ற இரும்புக்காரர் சற்று நேரம் கேட்டுவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

பெரியவர் படியிறங்கி வந்தார். மூக்கைப் பொத்தவில்லை.

"பரவாயில்லையே. அந்த மெக்கானிக் கடைசியில சரி பண்ணிட்டானா? பாசக்காரன்தான். ஒரு நன்றி சொல்லிடும்மா."

"அவரு சரி பண்ணல மாமா. திருடினாரு."

அவர் முதலில் பார்த்தது தெருவை. பிறகுதான் என்னை.

"மெதுவா பேசு. சாவுக்கு வந்து அவ்வளவு அழுதவன். நாலு பேர் காதுல விழுந்தா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க? கிடைச்சிருச்சில்ல, அதோட விடு. அவனும் பாவம்..."

நான் குனிந்து பித்தளைக் குமிழைத் திருகினேன். எஞ்சின் சத்தம் ஏறிப் படிக்கட்டின் அடியை நிறைத்தது. பெரியவரின் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் திருகினேன்.